அம்பயரின் இருபது முகப் பகடை

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் அம்பயரைப் போல் நேர்மையான மனிதர் கிடைக்கமாட்டார். அப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பது பெரிய இம்சை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சிறுசேரியில் வேலை பார்த்த நாங்கள் நான்கு பேர் கேளம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான், கருங்குழி பாலாஜி, அச்சரப்பாக்கத்துச் செல்வம், செங்கல்பட்டுக்காரரான அம்பயர். அவருக்கு எங்களைவிட எட்டு வயது கூட. ஆட்டத்தில் தீர்ப்பு சொல்பவர் என்பதால் நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான் அம்பயர்; அப்பா அம்மா வைத்த பெயர் வீட்டுக்காரருக்கே மறந்துபோயிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கதை ஆட்டம் ஆடப் பாயை விரிப்பார். கதை அவருடையது. செங்கல்பட்டு ஏரிக்கு அடியில் ஒரு பாதாள நகரம், அதற்கு ஏழு வாசல், வாசலுக்கு ஒரு பூதம். நான் போர்வீரன், பாலாஜி திருடன், செல்வம் மந்திரவாதி. என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை முடிவு செய்யும். இருபது விழுந்தால் அமோகம். ஒன்று விழுந்தால் ஆள் காலி.

ஆடியதையெல்லாம் திங்கட்கிழமைக்குள் படக்கதையாக வரைந்து இணையத்தில் போட்டுவிடுவார். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் விழுந்த எண்ணைக் குட்டியாக எழுதுவார். படத்தைப் பாராட்டினால் கண்டுகொள்ளமாட்டார். எண்ணைப் பாராட்டினால் டீ வாங்கித் தருவார்.

என் போர்வீரன் மூன்று பூதங்களைச் சாய்த்தவன். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கிணற்றுப் பக்கம் போனான். ஒன்று விழுந்தது. வழுக்கி உள்ளே விழுந்து செத்தான். இன்னொரு தடவை உருட்டுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அம்பயர் என் வீரனின் விவரம் எழுதிய தாளை நான்காகக் கிழித்தார். திங்கட்கிழமை படத்தில் எனக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றியிருந்தார். ஆபீசில் இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள்.

பாலாஜியின் கதை இன்னும் மோசம். ஆட்டத்தின் நடுவே அவன் அப்பா போன் செய்தார். எடுத்தவர் அம்பயர். பையன் என்ன செய்கிறான் என்று அப்பா கேட்டிருக்கிறார்.

“பாலாஜிங்களா சார், ராஜா வூட்ல பூட்ட ஒடச்சிகினு கீறான். பத்து நிமிசத்துல வந்துடுவான்.”

அப்பா அடுத்த பஸ்ஸில் கருங்குழியிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த நாங்கள் பட்ட பாட்டை அம்பயர் வேடிக்கை பார்த்தார். கேட்டதுக்குத்தானே பதில் சொன்னேன் என்று கடைசி வரை சாதித்தார்.

அப்புறம் கம்பெனிகள் ஆளைக் குறைத்த காலம் வந்தது. செல்வத்தின் பெயர் முதல் பட்டியலிலேயே இருந்தது. ஊருக்குப் போய் அப்பாவின் விதைக் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். சனிக்கிழமை பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, கடைசியாக ஒரு ஆட்டம் என்று பாயில் உட்கார்ந்தான்.

ஆபீசில் அவன் வாயைத் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. மந்திரவாதியாகப் பேசும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவான். இரண்டு வருஷமாக அந்த மந்திரவாதியைச் சாகாமல் காப்பாற்றி வைத்திருந்தான். அவனுடைய தாளை ஊருக்கு எடுத்துப் போகட்டுமா என்று அம்பயரிடம் கேட்டான். ஆட்டம் முடியும்போது மந்திரவாதி உயிரோடு இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள் என்றார் அம்பயர். அன்றைக்காவது கொஞ்சம் இளக்கம் காட்டியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது.

ஏழாவது வாசலில் பூதம் மந்திரவாதியின் கழுத்தைப் பிடித்தது. செல்வம் உருட்டினான். பகடை பாயைத் தாண்டி ஓடி அம்பயரின் முழங்காலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. செல்வத்துக்குத் தெரியவில்லை. எனக்கும் பாலாஜிக்கும் நன்றாகவே தெரிந்தது. ஒன்று.

அம்பயர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பகடையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“இருபதுபா. பூதம் காலி.”

பாலாஜி வாயைத் திறந்தான். நான் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். செல்வம் அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். திங்கட்கிழமை படக்கதையில் மந்திரவாதி ஏழு வாசலையும் திறந்துவிட்டு நின்றான். கட்டத்தின் மூலையில் இருபது என்று எழுதியிருந்தது.

பல வருஷம் கழித்துச் செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் அம்பயரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அன்றைக்கு விழுந்தது ஒன்றுதானே அண்ணாத்த என்று கேட்டே விட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தைப் பார்த்தார்.

“இன்னாபா நீ, கண்ணு டாக்டராண்ட போய்க் காட்டு. இருபதுதான் வுழுந்துச்சி.”

ஆமாம், இருபதுதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அவ்வளவு நல்ல மனிதரைப் பொய்யராக்க எனக்கு மனசு வரவில்லை.