இடுப்பு வலிக்கு ரெண்டு ஷிப்ட்

என் அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அழுதுகொண்டு மட்டும் சொல்லக் கூடாது. சிரித்துச் சொன்னால் கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். அழுதால் உதவி செய்ய ஆரம்பித்துவிடுவார். (அம்மா இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். என்னிடம்தான் சொல்லவில்லை.)

நான் அப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத்தில் எம்.டி. படித்துக்கொண்டிருந்தேன். பக்கவாதம், நசுங்கிய கை, பிடித்துக்கொண்ட முதுகு இவற்றிலிருந்து மனிதர்களை மீட்டு மறுபடி வேலைக்கு அனுப்புகிற படிப்பு. புதுத் துறை, நாங்கள்தான் முதல் பேட்ச். பாடம் நடத்த இருந்தவர்கள் துறைத் தலைவரும் ஓர் உதவிப் பேராசிரியரும். அந்த உதவிப் பேராசிரியரையும் மாற்றுப் பணி என்று வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். துறைத் தலைவர் ஒருவரை மட்டும் நம்பி வார்டில் யாரை அட்மிட் செய்வது? மெத்தை உறைகூடப் பிரிக்காமல் கட்டில்கள் காற்று வாங்கின. அந்த நேரம் பார்த்து அங்கீகார ஆய்வு வந்தது. அங்கீகாரம் கிடைக்காவிட்டால் என் எம்.டி.யை எங்கும் பதிவு செய்ய முடியாது. வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கதவில் எழுதிக்கொள்ளலாம்.

“வார்டே காலியா இருக்குப்பா, கோர்ஸ் போயிடும்ப்பா” என்று மூக்கண்டப்பள்ளி வீட்டில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன்.

“அழுவாத கண்ணு. எங்க கம்பெனிக்குந்தான் ஆடிட் வருது. அன்னிக்கு ஒரு நாள் எல்லாருக்கும் புது ஹெல்மெட் குடுப்பாங்க, தரையக் கழுவுவாங்க. வந்தவங்க பாத்துட்டுப் போயிக்கினே இருப்பாங்க. பாத்துக்கலாம் வுடு.”

அந்தப் ‘பாத்துக்கலா’மிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நான் மூக்கைச் சிந்திவிட்டுத் தூங்கப் போனேன்.

ஆய்வுக்கு வந்தவர் பெங்களூரு பக்கத்துப் பேராசிரியை ஒருவர். காட்டன் புடவை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, சுத்தமாகச் சிரிக்காத முகம். துறைத் தலைவரைக் காகிதங்களோடு அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வார்டைச் சுற்றிக்காட்ட என்னை விட்டால் நாதியில்லை. வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே கதவைத் திறந்தேன்.

வார்டு நிரம்பி வழிந்தது!

கட்டிலுக்கு ஒருவர், தலை வரை போர்த்திக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார்கள். நான் சந்தேகப்பட்டேனா? அதுதான் இல்லை. போன வாரம் ஒரு பாட்டரி ஆட்டோக்காரரின் தோள்பட்டையைச் சரிசெய்திருந்தேன். அவர் சொல்லித்தான் என் புகழ் பரவிவிட்டது என்று நம்பினேன். (இருபத்தெட்டு வயதில் தலைக்கனத்துக்குத் தனியாகக் காரணம் தேவையில்லை.) “எல்லாரும் நம்ம துறையைத் தேடி வந்தவங்க மேடம்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அவர் முதல் போர்வையை விலக்கினார். உள்ளே நாகராஜ் அங்கிள். அப்பாவோடு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், தகடு அழுத்தும் மெஷினில் வேலை பார்ப்பவர். யுகாதிக்கு யுகாதி எங்களுக்கு ஒப்பட்டு என்கிற போளி கொடுத்தனுப்புகிறவர்.

“ஏனாய்த்து?” என்று மேடம் கன்னடத்தில் என்னவென்று கேட்டார்.

தாய்மொழியைக் கேட்டதும் அங்கிளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமெல்லாம் மறந்துபோயிற்று. “ஏனூ இல்லா மேடம், சென்னாகிதீனி!” என்றார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். பக்கத்துக் கட்டிலிலிருந்து “இடுப்பு வலின்னு சொல்லுய்யா” என்று ஒரு போர்வை முணுமுணுத்தது. அந்தக் குரல் என் அப்பாவுடையது.

பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. சரியாக அப்போதுதான் மாடிப்படியில் திமுதிமுவென்று சத்தம். கையில் சாப்பாட்டுக் கூடைகளோடு இன்னொரு கூட்டம் வந்தது. படுத்திருந்தவர்கள் மதிய ஷிப்டுக்குப் போக வேண்டுமே! வந்தவர்கள், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவர்கள். கட்டிலைக் காலியாக விடக் கூடாதென்று என் அப்பா ரிலீவர் ஏற்பாடு செய்திருந்தார். படுத்திருந்தவர்கள் எழுந்து, மெஷினை ஒப்படைப்பதுபோல மெத்தையைத் துணியால் ஒரு துடை துடைத்து ஒப்படைத்தார்கள்.

“ஏதாச்சும் விசேஷமா?” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“ஒண்ணுமில்ல. இடுப்பு வலிதான் ஓடிக்கினு இருக்குது. மதியம் முட்டை உண்டாம்.”

வார்டு சிஸ்டர் வாசலில் சிலையாக நின்றார். பாவம், ரெண்டு வார்டுக்கு அவர் ஒருத்தர்தான். ஓ.பி. சீட்டோடு வந்து படுத்தவர்களை யாரோ டாக்டர் அனுப்பியிருப்பார் என்று விட்டுவிட்டார். நான் அழுதேவிட்டேன். “மேடம், இது எங்கப்பா. இவங்கல்லாம் அவரோட ஃபிரண்ட்ஸ். எனக்குச் சத்தியமா தெரியாது.”

அப்பா போர்வையை மடித்துக்கொண்டே எழுந்தார். “அவளுக்குத் தெரியாதும்மா. கண்ணு முழிச்சிப் படிக்கிற பொண்ணு. அந்தப் படிப்பு செல்லாதுன்னு ஆயிடக் கூடாதுன்னு நாந்தான் கூட்டிக்கினு வந்தேன். தப்புன்னா என்னை எழுதிக்கோங்க.”

மேடம் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார். “படுத்தாச்சு இல்ல டாக்டர்? சும்மா எதுக்கு அனுப்பணும்? பாருங்க. என் முன்னால பாருங்க.”

பார்த்தேன். நாகராஜ் அங்கிளால் உண்மையிலேயே குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. அடுத்தவருக்குத் தோள் பாதிதான் தூக்க வந்தது. ‘அதெல்லாம் வேலைல இருக்கறதுதானே பாப்பா’ என்று சிரித்தார்கள். லீவு போட்டால் சம்பளம் போகும் என்று ஒருத்தரும் ஆஸ்பத்திரிப் பக்கமே வந்ததில்லை. பொய் நோயாளி என்று கூட்டிவந்ததில் முக்கால்வாசிப் பேர் நிஜ நோயாளிகள்.

கடைசியில் அப்பா. கையை நீட்டச் சொன்னேன். வலது கட்டைவிரலின் கீழ்ச் சதை வற்றிப்போயிருந்தது. என் விரலைப் பிடிக்கச் சொன்னால் பிடியே இல்லை. கொஞ்ச நாளாக அவர் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார். ‘தொரைக்கு ஸ்டைலு’ என்று நானும் அம்மாவும் கிண்டலடித்திருக்கிறோம். சட்டைக்குப் பட்டன் போட முடியாமல்தான் டீ-ஷர்ட்டுக்கு மாறியிருக்கிறார். கைகளைச் சரிசெய்யப் படிக்கிறவள் நான்! “ஏன்ப்பா சொல்லல?” என்றேன்.

“நீ படிக்கிற நேரம் கண்ணு.”

அந்த முறை அங்கீகாரம் கிடைக்கவில்லை. மேடம் யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை, எங்களுக்காகப் பொய் எழுதவும் இல்லை. கட்டில் இருக்கிறது, நோயாளிகள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள்தான் இல்லை. நிரப்பிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். அப்பா ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். “எதுனா பண்ணப் போயி எதுனா ஆயிடுச்சே” என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஆனால் மேடம் எழுதிய அந்த ஒரு வரி வேலை செய்தது. மாற்றுப் பணியில் போனவர் திரும்பி வந்தார். கூடவே இன்னும் இரண்டு பேரைப் போட்டார்கள். மறு ஆய்வுக்கு அதே மேடம் வந்தபோது வார்டில் நிஜமாகவே இடமில்லை. பாதிப் பேர் மூக்கண்டப்பள்ளி. அதில் ஒருவர், மணிக்கட்டில் நசுங்கிய நரம்புக்கு அறுவை முடிந்து கைப்பயிற்சிக்குப் படுத்திருந்த என் அப்பா.

மேடம் அவர் கட்டிலருகே நின்றார். “இது எந்த ஷிப்ட்டு?”

“ஜெனரல் ஷிப்ட்டு மேடம், ரிலீவர் கிடையாது!” என்று அப்பா துள்ளி எழுந்தார். அன்றைக்குத்தான் மேடம் சிரித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் பகலில் நிம்மதியாகப் படுக்க முடியாது. “ரிலீவர் வந்தாச்சா? முட்டை உண்டா?” என்று அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். நான் எம்.டி. பட்டம் வாங்கப் புறப்பட்ட காலையில், அப்பா கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார். புதுச் சட்டை, முழுக்கை. உதவிக்குப் போன அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எல்லாப் பட்டனையும் அவரே போட்டுக்கொண்டார்.