தளபதி கோப்பையும் கழுதையின் கணிப்பும்

ஒரு காட்டில் ஒரு கழுதை, குதிரைப் பந்தயத்துக்கு முன்னோட்டம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தது. அது வேறு யாரோ என்று சொல்லத்தான் ஆசை. என்ன செய்ய, நான்தான் அது. பெயர் பொதியப்பன். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று வாராவாரம் காட்டுப் பத்திரிகையில் எழுதுவேன். தொடர்ந்து பதினொரு வாரம் நான் கைகாட்டிய குதிரை மண்ணைக் கவ்வியது. ஒன்று பாதி வழியில் புல் மேயப் போய்விட்டது. இன்னொன்று கொடி அசைந்ததும் உட்கார்ந்துகொண்டது. அதற்கும் திட்டு எனக்குத்தான்.

பன்னிரண்டாவது வாரம், தளபதி கருங்கொம்பன் கோப்பை. தளபதி ஒரு காட்டெருமை. எல்லைச் சண்டையில் எதிரியைக் கண்டதும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்து ராஜாவிடம் தகவல் சொன்ன மாவீரர். அவர் ஓடியது ஆயிரத்து இருநூறு மீட்டர். அதனால் பந்தயமும் அதே தூரம்தான்.

எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை சத்தியமாக எனக்குத் தெரிந்துவிட்டது, ஜெயிக்கப்போவது தாழம்பூ. வயதான பெண்குதிரைதான். ஆனால் காலைப் பயிற்சியில் அவள் கிளம்பிய வேகத்தை நான் வேலியோரம் நின்று பார்த்தேன். 'தாழம்பூவுக்கே கோப்பை' என்று எழுதி முடிக்கிறேன், அவளே வந்து நிற்கிறாள்.

"அண்ணே, ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லும்மா."

"என்னைப் பத்தி நல்லதா எதுவும் எழுதிடாதீங்க. இதுல தோத்தா மணல் வண்டியில பூட்டிடுவாங்க. உத்தரவு தயார், கையெழுத்துதான் பாக்கி."

எனக்குச் சுருக்கென்றது. "நான் எழுதினா தோத்துடுவியா? என்னம்மா மூடநம்பிக்கை இது!"

"பதினோரு பேர் தோத்திருக்காங்களேண்ணே."

மணல் வண்டி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் அப்பா அதை இழுத்துத்தான் போய்ச் சேர்ந்தார். அவளை அனுப்பிவிட்டு, எழுதியதைக் கிழித்தேன். பிறவிப் பழக்கம், கிழித்ததைத் தின்றும் விட்டேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: 'ஜெயிக்கப்போவது பீரங்கி. தாழம்பூ கடைசி.' பீரங்கி, ஊர்வலமாக வந்து செல்ஃபி எடுத்துக்கொள்ளும் இளவட்டம்.

பந்தயம் ஒன்றேகால் நிமிஷம் நடந்தது. பீரங்கி பெரிய திரையில் தன் முகத்தைப் பார்த்து மயங்கி அங்கேயே நின்றுவிட்டான். தாழம்பூ மூன்று உடல் நீளம் முன்னால் வந்து ஜெயித்தாள். நான் கூட்டத்தில் நின்று கத்தியே அழுதேன்.

பத்திரிகை ஆசிரியர் கரடி கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"ஐயா, தாழம்பூதான்னு எனக்கு முன்னாடியே தெரியும்..."

"பந்தயம் முடிஞ்ச பிறகு எல்லாருக்கும்தான்யா தெரியும்" என்று அவர் சிரித்தார். "வாசகர்கள் உம்மைத் தலைகீழாப் படிச்சுப் பணம் கட்டி ஜெயிக்கிறாங்க. பன்னிரண்டு வாரம், ஒரு தடவைகூடப் பிசகல! இனி நீர்தான் தலைமை நிபுணர். நடுவுல சரியாச் சொல்லிக் கெடுத்துடாதீர்."

வெளியே வந்தால் மாலையும் கழுத்துமாகத் தாழம்பூ. கண் கலங்கியிருந்தது.

"மணல் வண்டி உத்தரவை ரத்து பண்ணிட்டாங்கண்ணே. அடுத்த மாசப் பந்தயத்துக்கும் பேர் கொடுத்தாச்சு." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கணும். மனசுக்குள்ளயாவது... நான் ஜெயிப்பேன்னு நினைச்சீங்களா?"

வாழ்க்கையில் நான் சரியாகக் கணித்தது அது ஒன்றுதான். சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோய் நிற்கிறாள்.

"சேச்சே! சத்தியமா நினைக்கலம்மா. கடைசியில வருவேன்னுதான் மனசார நம்பினேன்."

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டாள். "அடுத்த மாசமும் அப்படியே நம்புங்கண்ணே."

நீதி: ஒருவர் நன்றாக இருக்கவேண்டும் என்று நிஜமாகவே விரும்பினால், அவர்மேல் துளியும் நம்பிக்கை இல்லை என்று சத்தியம் செய்யுங்கள். பதவி உயர்வும் கிடைக்கும்.