மணவாளன் கிணற்றுப் பருப்பு

“இன்னாடி இது, குழம்புல பருப்பு கீதா, கூழாங்கல்லு கீதா?” என்று கேட்டு மணவாளன் தட்டைத் தள்ளினான். தட்டு சுவர் வரைக்கும் போயிற்று.

வடிவு நிதானமாகப் போய் எடுத்தாள். “நான் இன்னா பண்ணட்டும்? விடிஞ்சதுலேந்து வேவுது. தண்ணி அப்டி கீது.”

தண்ணீரைச் சொன்னதுதான் வினை. அது மணவாளன் கிணற்றுத் தண்ணீர். ஆவடியில் பட்டாளம் வந்து கூடாரம் அடித்தபோது, அதற்குக் கத்தரிக்காய் போட்டுத் தலையெடுத்தவன் அவன். தலையெடுத்ததும் பாரிவாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையிலேயே கிணறு வெட்டினான். வடிவு தண்ணீருக்கென்று ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போனால், ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு, அடுப்பு அணைந்த பிறகுதான் வருவாள். இனிமேல் கொல்லையைத் தாண்டி அவள் எதற்கும் போக வேண்டாம் என்று சொல்லித் தேங்காய் உடைத்தான். ஊரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் கொடுத்தான். இளநீர் தோற்றது என்றார்கள். அவன் கோபம் தெரிந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். அப்படிச் சொன்ன புண்ணியவான் மணவாளனைப் பார்த்ததில்லை. செருப்பு கடித்தால் செருப்பைத் திட்டுவான், மழை வந்தால் மழையைத் திட்டுவான், நின்றால் நின்றதற்குத் திட்டுவான். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காத நாளில் வடிவு இருந்தாள்.

முதலில் மளிகைக்கடை செங்கல்வராயனிடம் போய்ச் சண்டை பிடித்தான். பழம்பருப்பைத் தலையில் கட்டிவிட்டாய் என்று கடை வாசலில் நின்று கத்தினான். செங்கல்வராயன் தராசைக் கீழே வைக்கவே இல்லை.

“பருப்பு என்னுது, கெணறு உன்னுது. என் பருப்பு நூம்பல் வரைக்கும் நல்லா வேவுது. உன் ஊட்ல மட்டும் வேவலைன்னா யார் மேல குத்தம்?”

அன்றோடு அந்தக் கடை மூடியது, மணவாளனுக்கு மட்டும். அவன் பூந்தமல்லி போய்ப் பருப்பு வாங்கி வந்தான். அதுவும் வேகவில்லை. விறகை மாற்றினான், பானையை மாற்றினான். ஒரு நாள் வடிவே ஏரிக்கரையிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து ஆக்கிப் பார்த்தாள். பருப்பு வெண்ணெயாகக் குழைந்துவிட்டது. மணவாளனுக்கு அந்தக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை.

நெல்லிக்கட்டை போட்டால் கிணற்று நீர் தெளியும் என்று யாரோ சொன்னார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கேட்காமல் கொள்ளாமல் லோகநாதன் தோட்டத்து நெல்லிமரத்தில் காய்க்கிற கிளையாகப் பார்த்து வெட்டிவிட்டான். லோகநாதன் பஞ்சாயத்தைக் கூட்டினான். ஊர் நடுவில் மணவாளன் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. பருப்பு அப்போதும் வேகவில்லை.

கடைசியாக, பூந்தமல்லியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கும் வேதமுத்து வாத்தியாரை வண்டி வைத்து அழைத்து வந்தான். அடுப்பில் பருப்பும் மஞ்சளும் கொதித்துக்கொண்டிருந்தன. வாத்தியார் பானையை எட்டிப் பார்த்து, இது சாதாரண விஷயம் என்றார். மண்ணில் இருக்கிற சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து வருகிறது, அதுதான் பருப்பை இறுக்கிப் பிடிக்கிறது, சோடா உப்பைப் போட்டால் கரைந்த சுண்ணாம்பு பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும் என்று விளக்கினார். மணவாளனுக்கு உள்ளே பால் வார்த்தது போலிருந்தது. வடிவு மட்டும் வேண்டாம் வேண்டாம் என்றாள். அவள் பேச்சை அந்த வீட்டில் என்றைக்குக் கேட்டார்கள்?

வாத்தியார் ஒரு கரண்டி சோடா உப்பைப் போட்டார். பானை புஸ்ஸென்று பொங்கி, வழிந்து, அடுப்பையே அணைத்துவிட்டது.

வாத்தியார் தாடையைத் தடவினார். “புளிப்பு இல்லாமல் இப்படிப் பொங்காது. மணவாளா, உன் கிணற்றுத் தண்ணீரில் அமிலம் இருக்கிறது. அமிலத்துக்கு மாற்று சுண்ணாம்புதான்.”

“சுண்ணாம்பு கீதுன்னு இப்பத்தானே வாத்தியாரே சொன்னே?”

“அது பொங்குவதற்கு முன்னால்.”

ஒரு சிட்டிகை போதும் என்றுதான் வாத்தியார் சொன்னார். மணவாளன் கோபத்துக்குச் சிட்டிகை காணுமா? சுவருக்கு அடிக்க நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுக் கிளறினான். மஞ்சள் பருப்பு கண்ணெதிரே ஆலத்தித் தண்ணீராகச் சிவந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கத்தான் செய்யும் என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினார். வேலியோரம் நின்றவர்கள், மணவாளன் தன் பருப்புக்கே ஆலத்தி எடுக்கிறான் என்று சிரித்தார்கள். பட்டாளத்து முகாமிலிருந்து கத்தரிக்காய் ஏற்ற வந்தவனும் கூடச் சிரித்தான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவமானத்தில் அவனுக்கு அழுகையே வந்தது. அந்த அழுகைக்கும் சேர்த்துக் கோபப்பட்டான்.

அன்றே கிணற்றைத் தூர்த்துவிடுவது என்று முடிவு செய்தான். “குடத்த எட்த்துக்கினு ஏரிக்குப் போ” என்று வடிவிடம் உறுமினான். அவ்வளவு தூரம் யார் நடப்பது என்று அவள் முனகினாள். இனி ஆயுசு பூராவும் நடந்துதான் ஆகணும் என்று இவன் கத்தினான். தலையெழுத்து என்று நெற்றியில் தட்டிக்கொண்டு, இருக்கிறதிலேயே பெரிய குடமாக எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வடிவு போனாள்.

மணவாளன் மண்வெட்டியை எடுத்தான். கிணறு வெட்டியபோது கரையில் குவித்த மண் அப்படியே கிடந்தது. வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பதுபோல் வெட்டி வெட்டி உள்ளே தள்ளினான். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு வசவு. தண்ணீரை, வாத்தியாரை, செங்கல்வராயனை, லோகநாதனை, நெல்லிமரத்தை என்று ஒருவரையும் விடவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு எல்லம்மா வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கையில் கயிறும் காலிக் குடமும் இருந்தன. வந்தவள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் கத்தல் காதுல உழாம ஏரிக்கரையில செத்த நேரம் குந்தணும்னுதானே வடிவு தெனம் பருப்பு வேவறதுக்கு முன்னியே புளியக் கரைச்சு ஊத்துனா, அதான் நீயே அனுப்பிட்டியே அண்ணாத்தே, அப்றம் எதுக்குக் கெணத்தத் தூர்க்குறே, எங்க ஊட்ல இந்தத் தண்ணியிலதான் பருப்பு பூவா வேவுது.”