கண்ணாடிமேல் பன்னிரண்டு இறால்

கமராக் கலைஞரைத் தூரத்திலேயே கண்டு தப்பிவிடலாம். கழுத்தில் கமரா தொங்கும். ஸ்கேனர்க் கலைஞரிடம் அந்த வசதி கிடையாது. வெறுங்கையோடு வருவார், உங்கள் வீட்டில் தேநீர் குடிப்பார், போகும்போது குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, "இந்த வெண்டிக்காயில ஒண்டை எடுக்கட்டா?" என்பார். அப்போதுதான் விளங்கும். சமைக்கக் கேட்கவில்லை, ஐயா. படுக்கவைத்துப் படம் எடுக்கக் கேட்கிறார். பத்திரங்களைப் பிரதி எடுக்கும் அந்தத் தட்டையான இயந்திரத்தின் கண்ணாடிமேல் காய், பூ, மீன், மனைவியின் கொண்டை ஊசி என்று அகப்பட்டதையெல்லாம் பரப்பி நுண்கலை படைக்கும் இனம் இது. வெள்ளவத்தையில் இரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி. கொட்டாஞ்சேனையில் ஒருவர், என் கஷ்டகாலம், அவர் என் எதிர்வீட்டுக்காரர்.

ரெனால்ட் கப்பல் கம்பெனியொன்றில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானச் சான்றிதழைக் கனடாவிலுள்ள மகளுக்கு அனுப்பவென்று வாங்கிய ஸ்கேனரில் ஒருநாள் தற்செயலாக ஒரு மல்லிகைப்பூ விழுந்தது. அன்றோடு சான்றிதழ்களின் காலம் முடிந்தது. மூடியைத் திறந்து வைத்தால்தான் பின்னணி கறுப்பாக வரும் என்று பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து, விளக்குகளை அணைத்து, இதழ் ஆடக்கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தி, ஏப்ரல் வெக்கையில் வீட்டைப் பாண் சுடும் போறணையாக்கிவிட்டு, "ஒருத்தரும் அசையாதேங்கோ" என்று கட்டளையிடுவார். ஸ்கேனரின் வெளிச்சம் பன்னிரண்டு நிமிடம் நத்தை வேகத்தில் ஊரும். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "கமரா பார்க்கும், ஸ்கேனர் தொடும்" என்பார். அதற்கு என்ன அர்த்தம்? அவருக்கே தெரியாது. கண்ணாடியில் ஒரு முருங்கைக்காய் என்றால் படத்தின் பெயர் 'தனிமை'. இரண்டு என்றால் 'பிரிவு'. மூன்றாவதை மனைவி கொன்ஸ்ரன்ஸ் கொடுப்பதில்லை; கறிக்கு வேண்டும்.

போன வருடம் நான் கொஞ்சம் சீனி கேட்கப் போய் அந்த இருட்டில் அகப்பட்டுக்கொண்டேன். கண்ணாடியில் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பன்னிரண்டு இறால்கள், மீசை வெளிப்பக்கம் பார்க்க, வட்டமாகப் படுத்திருந்தன. பக்கத்தில் கொன்ஸ்ரன்ஸ் தன் பாஸ்போட்டும் கையுமாக நின்றார். மகள் யூஜினாவுக்கு ரொறன்ரோவில் அடுத்த மாதம் முதற்பிரசவம். விசா விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணிக்குள் பாஸ்போட்டின் ஸ்கேன் பிரதி போய்ச் சேர வேண்டும். மணி நாலாகப் போகிறது.

"இஞ்சேருங்கோ, இதை ஸ்கேன் பண்ணித் தாங்கோ. பிள்ளை அங்க தனியக் கிடந்து தவிக்கப் போறாள்."

"இப்ப கலைச்சா மீசையெல்லாம் குழம்பிப்போகும், கொன்ஸி. மூண்டு மணித்தியால வேலை. பன்னிரண்டு நிமிஷம்தானே!"

"அப்ப நான் சந்தியில இருக்கிற கொமினிகேஷன் கடைக்குப் போறன்."

"வீட்டில ஸ்கேனரை வச்சுக்கொண்டு கடைக்குப் போறதோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

ஒன்பதாவது நிமிடத்தில் நான் தும்மினேன். இறால் மீசைகள் ஆடிவிட்டன. மீண்டும் முதலிலிருந்து. அந்த முறை ஐஸ் கரைந்து ஓர் இறால் தானாகவே சரிந்தது. அதை மெல்லப் பிடித்து நேராக்க ரெனால்ட் சாமணத்தோடு குனிந்தார். கொன்ஸ்ரன்ஸ் விளக்கைப் போட்டார், பன்னிரண்டு இறாலையும் ஒரே வழிப்பில் சட்டிக்குள் தள்ளினார், கண்ணாடியைத் துடைத்துப் பாஸ்போட்டைக் கவிழ்த்தார். நாலு முப்பத்தெட்டு.

"கெதியா! இதுக்காவது அளவைக் குறைச்சு வையுங்கோவன்."

"நான் குறைஞ்ச அளவில எடுக்கிறனான் இல்லை."

மறுபடியும் பன்னிரண்டு நிமிடம். படம் அற்புதமாக வந்தது. தாளின் நாரை எண்ணலாம். ஆனால் விசா இணையப்பக்கம் அதை ஏற்கவில்லை, நாலு எம்.பி.க்குள் இருக்கட்டும் என்றது. ரெனால்ட் எடுத்த படம் தொள்ளாயிரம்.

"சின்னனாக்குங்கோ!"

"சின்னனாக்கிறதோ? பெத்த பிள்ளையின்ர மூக்கை வெட்டச் சொல்லுறீர்!"

"பெத்த பிள்ளை ரொறன்ரோவில கிடக்குது!"

ஐந்து மணிக்கு மூன்று நிமிடம். 'ஸ்கேன் பிரதி' என்று எழுதியிருந்ததைக் கர்த்தர் கட்டளையாக எடுத்துக்கொண்டு அத்தனை நேரமும் காத்து நின்ற அந்த மனுஷி, பாஸ்போட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, போனால் ஒரு சொடுக்கில் படம் எடுத்து அனுப்பினார். உடனே ஏற்றுக்கொண்டார்கள். கொன்ஸ்ரன்ஸ் கதிரையில் இருந்து அழுதார். ரெனால்டும் கண் கலங்கினார். போன் படத்தில் ஓரம் கோணலாம், நிழலும் விழுந்திருக்கிறதாம்.

கொன்ஸ்ரன்ஸ் போனார். பேரன் பிறந்தான். வீடியோவில் குழந்தையைக் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ரெனால்டின் கன்னத்தில் கண்ணீர். பரவாயில்லை, மனிதனுக்கு நெஞ்சு இருக்கிறது என்று நினைத்தேன். அவர் மெதுவாக வாய் திறந்தார்.

"கொன்ஸி, பிள்ளையின்ர உள்ளங்காலை மட்டும், ஒரே ஒரு பன்னிரண்டு நிமிஷம்... அங்க ஸ்கேனர் இருக்கோ?"

ரொறன்ரோ தொடர்பைத் துண்டித்தது.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஸ்கேனர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன நோன்புப் பெருநாளன்று நம் நண்பர் சப்ரி வீட்டில், பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்க, ஒருவரையும் புரியாணியில் கைவைக்க விடாமல், இறைச்சித் துண்டை வெளிச்சம் பார்த்துத் திருப்பி வைத்து, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கோ, ஆரும் தொடாதேங்கோ" என்று சொன்னது யார்? பசியில் ஒரு குழந்தை அழுததே, நினைவிருக்கிறதா? அதன் நிழல் தட்டில் விழுகிறது, தள்ளி உட்காரச் சொல்லுங்கோ என்றீர்கள்.