கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு கரடி

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது. வேட்டைக்குப் போக உடம்பு வணங்காததால் உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. அந்த வருஷத்து உத்தரவு இது: குகையில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் அரண்மனையின் இணையப் பக்கத்துக்குப் போய், 'இது என் குகைதான்' என்று சொல்ல வேண்டும். கடைசி நாள் சூரியன் மறைவதற்குள் சொல்லாவிட்டால், அந்தக் குகைக்கு ஆசைப்பட்டு மனுப் போட்ட வேறு மிருகம் அதை எடுத்துக்கொள்ளலாம். நேரில் வந்து சொல்லலாமா என்று யானை கேட்டது. நேரில் வருகிறவர்களை ராஜா சாப்பிட்டுவிடும் வழக்கம் இருப்பதால், இணையம்தான் இரு தரப்புக்கும் நல்லது என்று மந்திரி நரி விளக்கம் கொடுத்தது.

அந்தக் காட்டில் சடையாண்டி என்று ஒரு கரடி. பாறைச் சரிவில் அதன் குகை. மழைக்கு ஒழுகாது, வெயிலுக்குக் குளுமை, வாசலிலேயே நாவல் மரம். சடையாண்டிக்கு இருந்த ஒரே வியாதி, எதையும் மறக்காது. யார் தன்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள், யார் வீட்டு விசேஷத்தில் தன் இலையை மட்டும் தாண்டிப் பாயசம் போனது, எல்லாம் மனப்பாடம்.

அந்த வரிசையில் முதல் இடம் வீரபாகு என்ற கழுதைப்புலிக்கு. சடையாண்டியின் தங்கை கல்யாணத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, "தேன் கொஞ்சம் புளிச்சிருக்கு" என்று பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்ன மிருகம் அது. இப்போது சடையாண்டியின் குகைக்கு மனுப் போட்டிருந்ததும் அதுதான்.

சடையாண்டியிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. வேகம் போதவில்லை என்று பரஞ்சோதி என்ற கருமந்தியிடம் காட்டியது. மந்தி உள்ளே இருந்த இயங்குதளத்தை வழித்து எறிந்துவிட்டு, 'அத்தி' என்ற புது இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது.

"இலவசம், மாமா. இனிமே உங்களுக்கு வைரஸே வராது" என்றது.

அது பொய் சொல்லவில்லை. வைரஸ் மட்டுமல்ல, எதுவுமே வரவில்லை.

கடைசி நாள் காலையில் சடையாண்டி கணினியைத் திறந்தது. பழைய இயங்குதளத்தில் வைஃபை அடையாளம் கீழே வலது மூலையில் இருக்கும். அங்கே தேடியது. மூக்கை வைத்து முகர்ந்தும் பார்த்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான், கீழே இருந்ததையெல்லாம் மேலே தூக்கி வைத்திருப்பது தெரிந்தது. மேலே தட்டினால், 'வைஃபை அட்டை எதுவும் காணப்படவில்லை' என்று வந்தது.

"நேத்து வரைக்கும் இருந்துச்சேடா, திருட்டுப் பயலே!" என்று மந்தியைத் தேடிப் போனது. மந்தி மலைக்கு அந்தப் பக்கம் பெண் பார்க்கப் போயிருந்தது. பக்கத்துக் குகை முள்ளம்பன்றியிடம் நல்ல கணினி ஒன்று உண்டு. ஆனால் முள்ளம்பன்றியோடு சடையாண்டிக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பக்கத்து மான் குடும்பத்தோடும் கிடையாது.

கோளாறு வந்தால் கறுப்புத் திரையைத் திறந்து 'புதுப்பி' என்று எழுதச் சொல்லியிருந்தது மந்தி. கரடி எழுதியது. கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்டது. சடையாண்டி அடித்தது. திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தது. 'தவறு' என்றது திரை. அத்தியில் கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியாது, தெரியாவிட்டாலும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். இதை அதற்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் சலித்துப்போய் மெதுவாக ஒரு தடவை அடித்தபோது திரை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு சொன்னது: 'புதுப்பிக்க இணையம் தேவை.'

வாசலில் வீரபாகு ஒரு கொடியைப் பிடித்துக் குகையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணே, இன்னும் சாமான் கட்டலையா?"

"போடா அந்தப் பக்கம்."

"போறேன், போறேன். சாயங்காலம் வந்துடறேன். கிளம்பும்போது கொஞ்சம் சாம்பிராணி போட்டுட்டுப் போங்கண்ணே. உள்ள ஒரே கரடி வாடை."

சொன்னது கழுதைப்புலி. அது வந்து நின்றால் பிணந்தின்னிக் கழுகே மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

சடையாண்டி கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடியது. அங்கேதான் அத்திச் சங்கத்து நிபுணர்கள் கூடுவார்கள். கிளையில் செங்கோடன் என்ற மரங்கொத்தியும், அடிமரத்தில் பொன்னம்பலம் என்ற உடும்பும் இருந்தன.

"கும்பிடுறேங்க. அத்தி போட்டேன், வைஃபை வரலைங்க" என்றது சடையாண்டி. வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக அது பேசியதே இல்லை.

"எந்த அத்தி? காட்டத்தியா, பேயத்தியா?" என்றது மரங்கொத்தி.

"கருமந்தி போட்ட அத்திங்க."

மேலேயும் கீழேயும் சிரிப்பு.

"வைஃபை அட்டை என்ன ரகம்?" என்றது உடும்பு.

"அதைத்தான் காணோம்னு சொல்லுதுங்க."

"இதே கேள்வியைப் போன வருஷம் ஒரு ஆமை கேட்டுச்சு. பதில் எங்க இணையப் பக்கத்துல இருக்கு. போய்ப் படி."

"இணையம் வரலைன்னுதானே வந்திருக்கேன்?"

"வந்தப்புறம் படி."

இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சடையாண்டி திரும்பி நடந்துகொண்டே, "என் பழைய இயங்குதளமே தேவலை. காசு வாங்கினாலும் ஒழுங்கா வேலை செஞ்சுது. உருப்படாத சாமான், ஒரு வைஃபை பிடிக்கத் துப்பில்லை" என்று முணுமுணுத்தது.

மரத்திலிருந்து இரண்டும் பொத்தென்று குதித்தன.

"யோவ், இப்ப என்ன சொன்னே?"

"இந்த அத்தியால வைஃபை பிடிக்கவே முடியாதுன்னு சொன்னேன்."

"முடியாதா? எங்கேய்யா உன் குகை? நட!"

கும்பிட்டபோது அசையாத நிபுணர்கள் திட்டியதும் கூடவே ஓடி வந்தார்கள். சடையாண்டி அதைக் கவனித்து வைத்துக்கொண்டது. பாதி வழியில் மரங்கொத்தி களைத்துப்போய் ஒரு கிளையில் உட்கார்ந்தது. "பழையதுல இதெல்லாம் தானாவே வந்துடும்" என்று சடையாண்டி வானத்தைப் பார்த்துச் சொன்னது. மரங்கொத்தி விருட்டென்று எழுந்து பறந்தது.

குகைக்குள் நுழைந்ததும் மரங்கொத்தி கறுப்புத் திரையைத் திறந்து டொக் டொக்கென்று ஒரு கட்டளையைக் கொத்தியது. அது முடிவதற்குள் உடும்பு வாலால் அதைத் தள்ளிவிட்டு வேறொரு கட்டளையை அடித்தது. கணினி அணைந்து, மறுபடி எழுந்தது. மேலே வைஃபை அடையாளம் பளிச்சென்று நின்றது.

"பார்த்தியா, என் கட்டளை!" என்றது மரங்கொத்தி.

"உன் கட்டளையா? அட்டைக்கு உயிர் கொடுத்தது நான்."

"நீ கொடுத்தது எழவெடுத்த பழைய வழி. அதை யாரு இப்ப பயன்படுத்துறா?"

"சரி, ரெண்டையும் அழிச்சுட்டு முதல்லேருந்து ஒண்ணொண்ணா போடுவோம். யாரால வந்துச்சுன்னு தெரிஞ்சுடும்."

"அது நியாயம்" என்றது மரங்கொத்தி. அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சடையாண்டி கணினியைப் பிடுங்கிக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் பாய்ந்தது. சூரியன் மலைமுகட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்குள் நிபுணர்கள் கிளியிடம் சொல்லியனுப்பி, சாட்சிக்குச் சங்கத்தையே வரவழைத்துவிட்டார்கள். காக்கைகள் வந்தன, அலுங்கு என்ற எறும்புதின்னி வந்தது, படுக்கையோடு இரண்டு மரநாய்கள் வந்தன. எல்லாம் குகைக்குள் போய் இரண்டு கட்சியாக உட்கார்ந்தன.

"எப்ப கிளம்புவீங்க?" என்று சடையாண்டி வாசலில் நின்று கேட்டது.

"இது தீர்ற வரைக்கும் இங்கேதான்" என்றது உடும்பு.

"எப்ப தீரும்?"

"போன விவாதமே இன்னும் தீரலை."

சடையாண்டி உடும்பின் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. பாறை பெயர்ந்து வந்தது. உடும்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வீரபாகு வந்தது. "சூரியன் போகுதே அண்ணே! உள்ள என்ன ஒரே சத்தம்?"

"சொந்தக்காரங்க. வழியனுப்ப வந்திருக்காங்க."

சடையாண்டி அரண்மனைப் பக்கத்தைத் திறந்தது. அதில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று, 'இது என் குகைதான்.' இன்னொன்று, 'மனுப் போட்டவருக்கே தானம் கொடுக்கிறேன்.' இரண்டாவதன் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைச் சடையாண்டி கண்ணைச் சுருக்கிப் படித்தது: 'தானம் பெற்றவர் உள்ளே இருப்பவை அனைத்தோடும் குகையை ஏற்று, நன்றியோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். மறுத்தால் ராஜ அவமதிப்பு.'

குகைக்குள்ளிருந்து காக்கைகளின் கத்தல் கேட்டது. சடையாண்டி தன் குகையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டது. பிறகு இரண்டாவது பொத்தானை அழுத்தியது.

அரண்மனையில் முரசு கொட்டினார்கள். பகைவனுக்கே வீட்டைக் கொடுத்த கரடியைக் கேட்டு ராஜா கண்கலங்கியதாக நரி அறிவித்தது. வீரபாகு இளித்துக்கொண்டே உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அதன் சிரிப்பு நின்றது.

"வா தம்பி, உட்காரு" என்றது உடும்பின் குரல். "உன் கணினியில என்ன போட்டிருக்கே?"

சடையாண்டி வைஃபை எட்டாத காட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

நீதி: எதிரிக்கு வீட்டைத் தானம் கொடுப்பது பெரிய மனது. உள்ளே இரண்டு நிபுணர்களையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த மனது நிறையும்.