தலை ஆடக் கூடாது

மாமனாரின் மூக்குக் கண்ணாடியைக் கச்சிதமாக ஃபோகஸ் செய்துவிட்டு, மாப்பிள்ளை கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார். மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால் கண்ணாடியைக் காணோம். சட்டைப் பித்தான் தெரிந்தது.

"மாமா, அசைஞ்சீங்களா?"

"நான் எங்க அசைஞ்சேன்? உங்க பொட்டிதான் தூங்கி விழுது!"

உண்மைதான். துருத்தி வைத்த அந்தப் பழைய மரக் கேமரா, ஒரு குட்டிக் கேமராவுக்கான ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பாரம் தாங்காமல் ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே வந்தது.

வெறும் படத்துக்காக மாப்பிள்ளை இத்தனை பாடுபடவில்லை. மாமனார் வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறை சும்மா பூட்டிக் கிடந்தது. அதில் ஸ்டூடியோ வைக்க வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. கேட்டால் மாமனார் "பார்க்கலாம்" என்பார். அப்படிச் சொன்னால் நடக்காது என்று அர்த்தம். பிறகு வேறு ஏதாவது பேச்சை எடுத்து, மூச்சுவிடாமல் பேசி, ஆளை ஒருவழியாக்கி அனுப்பிவிடுவார். அசந்து போகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் மனசு இளகாமலா போகும்?

ஸ்டாண்டின் கால் சரியில்லை என்று மாப்பிள்ளை புலம்பியதைக் கேமராக் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"காலை விடுங்க சார். உங்களுக்குத் தலைதான் பிரச்சினை."

மாப்பிள்ளையின் கை தன்னையறியாமல் வழுக்கையைத் தடவியது.

"ஸ்டாண்டோட தலை சார், கேமரா உட்கார்ற இடம். இந்தப் பந்துத் தலையைப் போட்டுப் பாருங்க. ஒரே திருகுதான். எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பும்."

திரும்பத்தான் செய்தது. திருகைத் தளர்த்திய மறுநிமிஷம் கேமரா எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் திரும்பப் பார்த்துக் குப்புறக் கவிழ்ந்தது. மனைவி பாய்ந்து வந்து மடியில் ஏந்தியதால் தப்பித்தது.

"என்னங்க, கடைசியில நான்தான் ஸ்டாண்டா?"

மாப்பிள்ளை உடனே கடைக்காரருக்குப் போன் போட்டார். "அந்தத் தலை வேணாங்க, நிக்க மாட்டேங்குது. வேற தலை இருக்கா? கனமா? பரவாயில்ல, நானே வந்து தூக்கிட்டுப் போறேன்."

மாமியார் மகளின் காதைக் கடித்தார். "உன் வீட்டுக்காரர் யார்கிட்டடி பேசறார்? கேக்கவே பயமா இருக்கு."

மூன்று கைப்பிடி வைத்த இரும்புத் தலை வந்தது. மேலே கீழே சாய்க்க ஒன்று, பக்கவாட்டில் சாய்க்க ஒன்று, சுழற்ற ஒன்று. தலை கல்லு மாதிரி நின்றது. ஆனால் அந்தக் கனத்துக்குக் கால்கள் வளைந்து, ஸ்டாண்டே மாமனாரை விழுந்து கும்பிடப் போனது.

"இப்ப கால்தான் சார் பிரச்சினை" என்றார் கடைக்காரர் கொஞ்சமும் கூசாமல். "நிலம் அளக்கறவங்க வச்சிருந்த மரக் கால் ஒண்ணு இருக்கு. நுனியில இரும்பு முள். பூமியில குத்தி நிறுத்தினா புயலுக்கும் அசையாது."

பூமியில் குத்தினால் சரி. மாமனார் வீட்டில் பூமிக்கு மேலே பளபளவென்று தரை போட்டிருந்தது. முட்கள் சர்ரென்று வழுக்கி மூன்று கோடு கிழித்தன.

"ஐயையோ, என் தரை!" மாமனார் துள்ளி எழுந்தார். "முன்னறையைக் கேட்டீங்க, இப்ப ஹாலையே உழுதுட்டீங்களே!"

ஸ்டூடியோ கனவு அந்தக் கோடுகளோடு போயிற்று என்றே மாப்பிள்ளை நினைத்தார். மனைவிதான் பின்கட்டிலிருந்து ஒரு பழைய கதவுப் பலகையை இழுத்து வந்து போட்டு, தகப்பனைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தாள். பலகையில் முட்கள் நறுக்கென்று இறங்கின. மாப்பிள்ளை கேமராவைத் தட்டிப் பார்த்தார். இம்மி அசையவில்லை.

"மாமா, நாலே செகண்டு. வாயைத் திறக்கக் கூடாது."

"நாலு செகண்டு என்ன பெரிய விஷயம்? ஒருதரம் ஆபீஸ்ல..."

"மாமா!"

வாய் மூடியது. மாப்பிள்ளை லென்ஸைத் திறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். மனைவியும் மாமியாரும் அவருக்குப் பின்னால் சத்தமே காட்டாமல் நின்றார்கள்.

குளியலறையை இருட்டாக்கி, ஃபிலிமைக் கழுவி, படம் போட்டுப் பார்த்தார். நாற்காலியின் பிரம்புப் பின்னல் அவ்வளவு தெளிவு. பித்தானில் கோத்த நூல்கூடத் தெரிந்தது. கழுத்துக்கு மேலேதான் வினை. மாமனாருக்கு மூக்கு ரெண்டு, கண்ணாடி மூன்று.

"தலை ஆடிடுச்சு!" என்று மாப்பிள்ளை அழாத குறையாக வெளியே வந்தார். "ஸ்டாண்டுத் தலை நின்னுச்சு, மாமா தலை நிக்கலையே! இதை எப்படி மாமாகிட்ட காட்டுவேன்? முன்னறையாவது, ஸ்டூடியோவாவது!"

மாமியார் ஈரப் படத்தை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"அட, ஜோரா விழுந்திருக்கே!"

"கேலி பண்ணாதீங்க அத்தை. நானே நொந்து போயிருக்கேன்."

"கேலி இல்ல மாப்பிள்ளை. கல்யாணமானதுலேருந்து இந்த மனுஷன் வாயை மூடினது அந்த நாலு செகண்டுதான். அதான் உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு முன்னறைச் சாவியைத் தூக்கிக் காட்டி, 'மாப்பிள்ளைக்குக் குடுத்துடவா?'ன்னு ஜாடையில கேட்டேன். பேச முடியாம தலையாட்டிட்டார். இனிமே இல்லேன்னு சொல்லட்டும், இந்தாங்க சாட்சி!"