மட்கார்டு கோருதல் – தொடர்பாக

உலகம் சூடாகிக்கொண்டே போவதைத் தடுத்து நிறுத்திய பெருமை திண்டிவனத்துக்கே உரியது. வெளிநாட்டுக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பொறாமை. ஆனால் நடந்தது நடந்ததுதான். சென்ற ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, வீட்டுமனைப் பட்டா வழங்கும் ஓர் அலுவலகத்தின் வாசலில் (எந்த அலுவலகம் என்று சொல்வது பண்பாகாது) 'புகையில்லாப் பயணம்' என்னும் மாபெரும் திட்டம் ஒரு சைக்கிளாக அவதரித்தது.

மொத்தம் எத்தனை சைக்கிள் என்று கேட்பவர்கள் அற்பர்கள். ஒன்று.

அந்த ஒன்றை வழங்குவதற்காக விழுப்புரத்திலிருந்து மண்டல அலுவலர் பிரவீன்குமார் பதினோரு கார்களோடு கிளம்பி வந்தார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடந்து வந்த அந்த அணிவகுப்பு, ஏசி நின்றுவிடக் கூடாதே என்பதற்காக, விழா முடியும்வரை இன்ஜினை அணைக்காமல் வாசலிலேயே உறுமிக்கொண்டிருந்தது. புகைக்கு நடுவே நின்று புகையை எதிர்த்துப் பேச நெஞ்சுரம் வேண்டும். பிரவீன்குமாருக்கு அது இருந்தது. அவர் இருமும்போதெல்லாம் ஊழியர்கள் கைதட்டினார்கள்.

சைக்கிளைப் பெற்றுக்கொண்டவர் அலுவலக உதவியாளர் பாஞ்சாலி. வயது நாற்பத்தாறு. தபால்களையும் பட்டா ஆணைகளையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அதுவரை பஸ்ஸில் போய் வந்தார். அறுபது பேரோடு ஒரே பஸ்ஸில் போவது சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று நிபுணர்கள் கண்டறிந்திருந்ததால், அன்றோடு அது நிறுத்தப்பட்டது.

பாஞ்சாலி சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இருபத்தொரு கியர். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். டிராக்டருக்குத் தம்பி போன்ற டயர். மட்கார்டு இல்லை. கேரியர் இல்லை. மணி இல்லை. ஸ்டாண்டும் இல்லை; எங்கே சுவர் இருக்கிறதோ அங்கேதான் நிற்கும்.

"மீதி சாமான் எப்ப சார் வரும்?"

"இதுதாம்மா ஃபுல் சைக்கிள்" என்றார் பிரவீன்குமார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "தேவையில்லாதது எதுவுமே இருக்காது. டிசைனே அதுதான்."

"அப்ப சீட்டு மட்டும் எதுக்கு சார் வெச்சிருக்காங்க?"

மண்டல அலுவலர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நல்ல யோசனைகளை அவர் தவறவிடுவதில்லை.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. பாஞ்சாலி பதினான்கு பட்டா ஆணைகளைத் தோள்பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு கிளியனூருக்குப் புறப்பட்டார். புதுச்சேரி சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. ஓட்டுவதற்குச் சைக்கிள் சுகமாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் சாலையில் கிடந்த சேற்றை எல்லாம் பின்சக்கரம் வாரி எடுத்து, கொஞ்சமும் சிந்தாமல் சிதறாமல் அவர் முதுகிலேயே சேர்த்தது. அத்தனை பொறுப்பான தபால் சேவை அந்த அலுவலகத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. வெளிர்மஞ்சள் சுடிதாரில் இடுப்பிலிருந்து பிடரிவரை கருப்பாக ஒரு கோடு. பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாஞ்சாலிக்கு அழுகை வந்தது. அழவும் நேரமில்லை, பையைத் திறந்தால் உள்ளே ஆணைகளும் சேறாகியிருந்தன.

ஒன்பது வருடம் அலைந்து பட்டா வாங்கியிருந்த சின்னதுரை, தன் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாமா இது? எம்பேரு எங்க கீது?"

"சேத்துக்கு அடியில கீதுண்ணே. தப்பா நெனச்சிக்காதீங்க."

"மனையும் தண்ணி நின்னு சேத்துக்கு அடியிலதாம்மா கீது. பொருத்தமாதான் போட்டுக் குடுத்திருக்காங்க" என்றார் சின்னதுரை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் அவருக்கு வீடு கட்ட அனுமதி. பதினான்கு குடும்பங்களும் அப்படித்தான் காத்திருந்தன.

பதினான்கையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார் பாஞ்சாலி. அலுவலகம் சும்மா இருக்குமா? மறுநாளே மெமோ வந்தது: 'அரசு ஆவணங்கள் மீது சேறு பூசிய தங்களுக்கு ஆண்டு ஊதிய உயர்வை ஏன் நிறுத்தக் கூடாது?'

கண்காணிப்பாளர் புகழேந்தி தங்கமான மனிதர். காகிதம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். பாஞ்சாலியின் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, 'மட்கார்டு மற்றும் கேரியர் கோருதல் – தொடர்பாக' என்று விழுப்புரத்துக்கு எழுதினார். இருபது நாளில் பதில் வந்துவிட்டது. இந்த வேகத்தை நாடே பாராட்ட வேண்டும்.

புகழேந்தி அதை நின்றபடியே வாசித்தார்.

'முதலாவது கோரிக்கை: ஆதார் கார்டும் ரேஷன் கார்டும் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவருக்கு மூன்றாவதாக மட்கார்டு எதற்கு என்பது விளக்கப்படவில்லை. எனினும் மார்பளவு புகைப்படம் இரண்டும், இருப்பிடச் சான்றும் இணைத்து விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும். இரண்டாவது கோரிக்கை: மேற்படி அலுவலக உதவியாளருக்குக் கேரியர் என்று ஒன்று இருந்ததாகப் பணிப்பதிவேட்டில் காணப்படவில்லை. புதிதாக ஒன்றை ஏற்படுத்த விதிகளில் இடமில்லை.'

"ரெண்டாவது மட்டும் கரெக்டா எழுதிக்கீறாங்க சார்" என்றார் பாஞ்சாலி.

நேரில் விளக்கமளிக்க அவரை விழுப்புரத்துக்கு வரச் சொன்னார்கள். ரயிலேறிப் போனார். கூட்ட அரங்கில் பிரவீன்குமார் தலைமையில் ஏழு பேர், ஏழு மடிக்கணினி, ஒரு தட்டு முந்திரி. 'சேறு: சவால்களும் வாய்ப்புகளும்' என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"மழை பெய்யாத நாளா பார்த்துத் தபால் குடுக்கலாமே?" என்றார் ஒருவர்.

"மழை நம்ம கட்டுப்பாட்டுல வர்றது இல்லையே. வேற டிபார்ட்மென்ட்" என்று வருந்தினார் இன்னொருவர்.

"வேகமா ஓட்டுறதாலதான் தெறிக்குது. மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

"மெதுவா ஓட்டினா கெளியனூருக்கு மறுநாள்தான் சார் போய்ச் சேருவேன்" என்றார் பாஞ்சாலி. "ரெண்டு தகரம், நாலு போல்ட்டு. அவ்ளோதான் சார் கேக்குறேன்."

இவ்வளவு எளிமையான தீர்வை அந்த அரங்கில் யாரும் சொன்னதில்லை. எப்படி நடந்துகொள்வது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. முதலில் சுதாரித்தவர் பிரவீன்குமார்தான்.

"அம்மா, மட்கார்டு மாட்டினா அது சைக்கிள் ஆயிடும். இப்ப இருக்கிறது ஒரு 'கான்செப்ட்'. புரியுதா?"

முடிவில் ஐவர் குழு அமைக்கப்பட்டது. மழையை அதன் இயற்கைச் சூழலில் ஆராய்வதற்காகக் குழு ஊட்டிக்குப் போகும் என்று தீர்மானமாயிற்று.

திரும்பி வரும்போது ரயில் ஜன்னலோரம் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தார். ஊதிய உயர்வு போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் சின்னதுரை காகிதத்தைத் தூக்கிப் பிடித்த கை கண்ணை விட்டுப் போகவில்லை. மயிலம் தாண்டியதும் மறுபடி மழை தூறியது. திண்டிவனத்தில் இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. காலையில் ஸ்டேஷன் சுவரில் சாய்த்துவிட்டுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக மேம்பாலத்தடியில் இருந்த துரைக்கண்ணுவின் கடைக்குப் போனார்.

துரைக்கண்ணு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பேஜாரு புடிச்ச வண்டிமா. போல்ட்டு போட ஒரு ஓட்டை வெச்சிருக்கானா பாரு."

"முடியாதாண்ணே?"

"முடியாதுன்னு யாரு சொன்னது? ஓட்டை இல்லன்னு சொன்னேன்."

சாதாரண சைக்கிள் மட்கார்டு அந்த டயரின் மேல் தொப்பிபோல நின்றது, அகலம் போதவில்லை. பழைய மொபெட் ஒன்றின் மட்கார்டைக் கழற்றி, நீளத்தை அறுத்து, ஓரத்தை அரத்தால் ராவினார். ஓட்டை இல்லாத கம்பியில் கிளாம்ப் போட்டு முடுக்கினார். பெயின்ட் உரியாமலிருக்க அடியில் டியூப் ரப்பர் சுற்றினார். கேரியரின் கால் டிஸ்க் பிரேக்கில் போய் இடித்தது. இரும்புக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி நடுவே கொடுத்து, நீள போல்ட் போட்டுக் காலைத் தள்ளி நிறுத்தினார். சக்கரத்தைச் சுற்றியதும் சரசரவென்று உரசியது. ஒரு வாஷர் சேர்த்தார். அப்போதும் உரசியது. இன்னொன்று. இந்த முறை சத்தமே இல்லை. சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணே!" என்று கத்தியேவிட்டார் பாஞ்சாலி.

"சும்மா கத்தாத. ஒரு மணியும் மாட்டிவுடறேன், ஜல்தியா ஏறிக்கினு போ."

மறுநாள் பதினான்கு ஆணைகளும் புதிதாக அச்சாகி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கேரியரில் டியூப் கயிற்றால் கட்டப்பட்டன. மழை கொட்டியது. குட்டையைக் கண்டு ஒதுங்கிப் போனவர், நாலாவது குட்டையிலிருந்து வேண்டுமென்றே நடுவில் விட்டார். சேறு மட்கார்டின் அடியில் தடதடவென்று மோதிவிட்டு வந்த வழியே சாலைக்குத் திரும்பியது. பாஞ்சாலி யாருமில்லாத சாலையில் மணியை அடித்துக்கொண்டே போனார். ஆடு நின்றால் மணி. ஆடு இல்லாவிட்டாலும் மணி. கிளியனூரில் சின்னதுரை காகிதத்தை ஒரு தடவை, இரண்டு தடவை படித்தார். "எம்பேருதான்மா" என்றார். மழை படாமல் அதை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

வெற்றிச் செய்தி விழுப்புரத்தை எட்டியது. இரண்டாவது மெமோ வந்தது: 'அரசு உடைமை ஒன்றை முன் அனுமதி பெறாமல் முழுமையாக்கிய குற்றத்துக்கு...'

விசாரணைக்குப் பிரவீன்குமாரே வந்தார், புகைப்படக்காரரோடு. திட்டத்துக்கு நூறு நாள் நிறைவு. படமும் எடுத்துக்கொள்ளலாமே என்று. வெள்ளைச் சட்டை. மாலையில் பாராட்டுக் கூட்டம்.

"அந்தத் தகரத்தை எல்லாம் கழட்டுங்க. ஃபிரேம் கெடுது" என்றார்.

"தரை ஈரமா கீது சார்" என்றார் பாஞ்சாலி.

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

கழற்றினார்கள். மண்டல அலுவலர் கம்பீரமாக ஏறி, அலுவலக வளாகத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். புகைப்படக்காரர் முன்னாலிருந்தே எடுத்தார். முகம் முழுக்க ஒளி. இறங்கி வந்ததும், "எப்படி?" என்று கேட்டார். பின்னால் நின்ற புகழேந்தி அந்த முதுகைப் பார்த்தார். காகிதத்தில் எழுதாத எதையும் அவர் சொல்வதில்லை, அன்றும் சொல்லவில்லை.

"முன்னாடி பாத்தா பளிச்சுனு கீறீங்க சார்" என்றார் பாஞ்சாலி.

அதே பளிச்சோடு அவர் மேடைக்குப் போனார். தலைமைச் செயலகத்திலிருந்து வந்திருந்த மேலதிகாரி மேடையின் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, அவர் தோளைத் தட்டப் போய், கையைப் பார்த்துக்கொண்டார்.

அன்று ராத்திரியே ஆணை பிறந்தது. ஐவர் குழு கலைக்கப்பட்டது. எல்லாச் சைக்கிளுக்கும் (அதாவது ஒன்றுக்கு) மட்கார்டும் கேரியரும் உடனடியாகப் பொருத்தலாம். இரண்டு மெமோக்களும் ரத்து. அடுத்த மாதம், 'சேறு தடுக்கும் கருவி'யைக் கண்டுபிடித்ததற்காகப் பிரவீன்குமாருக்குச் சிறந்த புதுமையாளர் விருது வழங்கப்பட்டது. எதிர்காலம் அவரைக் கைகூப்பி வணங்கும் என்பதில் ஐயமில்லை.

விருது விழாவுக்குத் தேநீர் கொடுக்கப் பாஞ்சாலியும் விழுப்புரம் அனுப்பப்பட்டிருந்தார். பக்கத்தில் நின்ற தட்டச்சர் காந்திமதி காதோடு கேட்டார்: "நெசமாவே அவருதான் கண்டுபுடிச்சாராக்கா?"

"ஆமாம்மா" என்றார் பாஞ்சாலி, கோப்பையில் தேநீரை ஊற்றிக்கொண்டே. "நம்ம முதுவுல பட்டா அது மெமோ. அவங்க முதுவுல பட்டா, அது கண்டுபுடிப்பு."